குப்பத்தில் ஒரு சுனாமி நினைவிடம்: முதலில் பெயர், பிறகுதான் கல்

சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைக்கிற கல் அது. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், தூக்கிவிட ஆள் தேடாமல், அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டுப் போகலாம். அவளால் இறக்கி வைக்க முடியாமல் போனதற்காக, வழியில் போகிறவர்களின் சுமையை அந்தக் கல் தாங்குகிறது. பொது நினைவிடம் ஒன்றை வடிவமைக்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும், முதலில் ஒரு சுமைதாங்கிக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வடசென்னையின் மீனவர் குப்பங்களில், காசிமேடு முதல் எண்ணூர் வரை, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையை மறக்காத குடும்பங்கள் ஏராளம். ஆண்டுதோறும் அன்று கரைக்கு வந்து கடலில் பால் ஊற்றுகிறார்கள், பூத்தூவுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மறுநாள் போனால் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அன்று பிறந்த பிள்ளைக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. "நம்ம ஊருக்குன்னு ஒரு கல் வேணும்" என்ற பேச்சு எழுகிற குப்பங்களுக்கு உதவப் போகிற இளைஞர்கள், கட்டடக்கலை மாணவர்கள், சங்கத்து ஆட்கள், இவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். நான் கட்டட வரைபடம் போடுகிறவன். இப்படி ஒரு வேலையில் இரண்டு ஆண்டு கூடவே இருந்தேன். அதில் கற்றதும், கற்காமல் விட்டுப் பிறகு வருந்தியதும் இதில் இருக்கின்றன. 2015 பெருமழை வெள்ளத்தில் இறந்தவர்களுக்கு நினைவிடம் வைக்க நினைப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. வரைவதற்கு முன்னால் உட்கார்ந்து கேளுங்கள்

முதல் கூட்டத்துக்கே நான் ஒரு படத்தோடு போனேன். எழுந்து நிற்கிற அலை மாதிரி ஒரு கருங்கல், அதன் அடியில் பெயர்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பேத்தியைப் பறிகொடுத்த ஒரு ஆயா அதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த அலையத்தான் தெனமும் கனவுல பாக்குறேன். நீ அத கல்லுலயும் நிக்க வெக்கிறியேப்பா." படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் எதையும் வரையவில்லை. நீங்கள் அலையை வரையாதீர்கள். கைவிரித்துக் கதறும் தாய், மணலில் கிடக்கும் குழந்தை, இந்தச் சிலைகளும் வேண்டாம். தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு அவை உருக்கமாகத் தெரியலாம். ஆனால் அந்த இடத்தைத் தினமும் கடந்து போகப் போகிறவர் அந்தத் தாய்தான்.

கூட்டம் எப்போது வைப்பது என்பதையும் யோசியுங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பது அப்போதுதான். வலை பின்னிக்கொண்டும் படகைப் பழுது பார்த்துக்கொண்டும் இருப்பார்கள், பேச நேரம் கிடைக்கும். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை வைத்தால் யாரும் வரமாட்டார்கள், காசிமேட்டில் வியாபாரம் சூடாக இருக்கும் நாள் அது. மீன் விற்கிற பெண்கள் விடியலுக்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுவதால் அவர்களோடு பிற்பகலில் பேசுங்கள், அதுவும் தனியாக. பஞ்சாயத்தார் நடுவில் அமர்ந்திருக்கும்போது பெண்கள் வாய் திறப்பது குறைவு. பிள்ளை எந்த இடத்தில் கை நழுவியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

"நினைவிடம் எப்படி இருக்கணும்?" என்று கேட்காதீர்கள். பதில் வராது. அல்லது பார்த்த ஏதோ ஒரு தலைவர் சமாதி மாதிரி என்று வரும். இப்படிக் கேளுங்கள்: அந்த நாளில் எத்தனை மணிக்கு வருவீர்கள்? கையில் என்ன கொண்டு வருவீர்கள்? எந்தப் பக்கம் பார்த்து நிற்பீர்கள்? எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? ஒருவர் கற்பூரம் என்பார், ஒருவர் மெழுகுவத்தி என்பார், இன்னொருவர் துஆ ஓத நிழல் வேண்டும் என்பார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடந்தது என்பதால் பல வீடுகளில் அந்த நினைவு பண்டிகையோடு பின்னிக் கிடக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி. அதனால் திதி பார்க்கிற வீடுகள் மார்கழிப் பௌர்ணமி அன்று தனியாக வருகின்றன. ஆக, ஊரே கூடும் நாள் ஒன்று, ஒவ்வொருவராக வரும் நாட்கள் பல. ஐந்நூறு பேர் நிற்கவும் இடம் வேண்டும், ஒரே ஒருவர் உட்கார்ந்து அழவும் மறைவு வேண்டும். வடிவமைப்பில் உங்களுக்கு மிகக் கடினமான கணக்கு இதுவாகத்தான் இருக்கும்.

2. பெயர்ப் பட்டியல்

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். எங்களுக்கு இதற்கு மட்டும் பதினோரு மாதம் ஆனது. அவ்வளவு ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தால் கல் தச்சருக்குத் தேதி கொடுத்திருக்க மாட்டேன்.

அரசு நிவாரணப் பட்டியலிலிருந்து தொடங்கலாம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. அதில் இருப்பது ஆவணத்துப் பெயர். குப்பத்தில் அந்த ஆளைக் கூப்பிட்ட பெயர் வேறாக இருக்கும். பட்டப்பெயர் இல்லாத ஆளே வடசென்னையில் கிடையாது. கல்லில் எது வர வேண்டும் என்பதை வீட்டார் சொல்லட்டும். சிலர் இரண்டும் வேண்டும் என்பார்கள், அப்படியே வெட்டுங்கள். பெயரே வைக்காத கைக்குழந்தை இருக்கும். "இன்னாருடைய பெண் குழந்தை, 20 நாள்" என்று வரட்டும், தாயின் பெயரைச் சேர்த்து. உடல் கிடைக்காதவர்களை "காணாமல் போனவர்கள்" என்று தனியாகப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் இன்னும் திரும்பி வருவான் என்று காத்திருக்கும் தாய் ஒருத்தி இருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் அந்தப் பெயரைப் போடாதீர்கள். இடத்தை மட்டும் விட்டு வையுங்கள்.

அன்று கரையில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளூர் ஆட்கள் அல்ல. ஞாயிறு என்பதால் உறவுக்காரர்கள் வந்திருப்பார்கள், மீன் வாங்க வந்தவர்கள், வெளியூர்க் கூலி ஆட்கள். அவர்களையும் தேடுங்கள். அதேபோல, வீடு இழந்த குடும்பங்கள் இப்போது அந்தக் குப்பத்திலேயே இருக்கின்றன என்றும் நினைக்காதீர்கள். பலர் எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். அங்கே போய்க் கதவைத் தட்டாமல் பட்டியல் முடியாது. "சுனாமி" என்ற சொல் ஒரு முகவரியாகவே ஆகிவிட்ட ஊர் நம்முடையது. தபாலில் தினமும் எழுதுகிற சொல்லுக்குள் எந்தக் குழந்தை இருக்கிறது என்பது வெளியாட்களுக்குத் தெரிவதில்லை.

எந்த வரிசை? அகர வரிசையில் போட்டால் ஒரே வீட்டில் போன நான்கு பேர் நான்கு மூலையில் போய் நிற்பார்கள். குடும்பம் குடும்பமாகப் போடுங்கள். அம்மா, பக்கத்தில் பிள்ளைகள். வயதை எழுதுங்கள். சாதிப் பெயர், பட்டம், கட்சிப் பதவி எதுவும் வேண்டாம். இதை முதல் கூட்டத்திலேயே பேசி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் சண்டை வரும்.

பட்டியல் முடிந்ததும், கல்லில் வரப் போகிற அதே அளவில் ஃப்ளெக்ஸிலோ தாளிலோ அச்சடித்து ஊர்ப் பொதுக்கூடத்தில் இரண்டு வாரம் தொங்க விடுங்கள். பக்கத்தில் ஒரு பேனா. நாங்கள் அப்படி வைத்தபோது 9 திருத்தம் வந்தது. அதில் ஒன்று, "மீனா" அல்ல, "மீனாள்". அந்த ஓர் எழுத்துக்காக அவருடைய தம்பி கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

3. இடம்

இறந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். வடசென்னையில் அது பெரும்பாலும் முடியாது. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே கரையைக் கடல் தின்றுகொண்டே வந்தது. அதனால்தான் ராயபுரத்துக்கு வடக்கே போகப் போக மணல் இல்லாமல் கல் கொட்டிய கரையாக இருக்கிறது. அன்று வலை காய்ந்த இடம் இன்று தண்ணீருக்குள் கிடக்கலாம். கல் கொட்டிய கரையின் மேல் எதையும் கட்டாதீர்கள். அடுத்த புயலில் அந்தக் கல்லே புரளும்.

எண்ணூர் விரைவுச் சாலைக்கு அந்தப் பக்கம் நல்ல இடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், கன்டெய்னர் லாரிகள் போகும் நேரத்தில் ஒரு வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்து பாருங்கள். ஒரு முறை போதும், அந்த யோசனையை விட்டுவிடுவீர்கள். குப்பத்துக்கு உள்ளேயே, கோயிலுக்கோ மாதா கெபிக்கோ மிக அருகில் போகாமல், பிள்ளைகள் விளையாடும் இடத்தை ஒட்டி இருப்பது நல்லது. நடமாட்டம் இருக்கும் இடத்தில் குப்பை சேராது, குடிக்க ஆள் உட்காராது.

மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். நவம்பரில் முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தை மே மாதத்தில் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள்.

4. அனுமதி

அலுப்பான வேலை, ஆனால் தாண்ட முடியாது. நிலம் யாருடையது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். மாநகராட்சி, வருவாய்த் துறை, மீன்வளத் துறை, துறைமுகம், ரயில்வே என்று பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வேறு வேறு கையில் இருக்கும். மாநகராட்சி நிலம் என்றால் அந்தப் பகுதியின் மண்டல அலுவலகத்துக்குப் போங்கள்.

சாலை, நடைபாதை, சாலையோரம் ஆகியவற்றை மறந்துவிடுங்கள். பொதுச்சாலைகளில் சிலையோ கட்டுமானமோ வைக்க மாநிலங்கள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அடுத்து, கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து தொடும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் கட்ட வேண்டுமானால் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் போக வேண்டியிருக்கும். கழிமுகத்தையும் கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்றையும் ஒட்டிய நிலத்துக்கும் விதி உண்டு, எண்ணூர்க்காரர்கள் கவனிக்க. பெரிய கட்டடம் வேண்டாம், தரையோடு தரையாக ஒரு மேடை, சில கற்கள், மரங்கள் என்று இருந்தால் இந்தப் பாதை லேசாகும். அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் கல்லுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

5. உருவம்

இப்போது பென்சிலை எடுக்கலாம்.

பார்த்து யோசிக்க மூன்று நினைவிடங்களைச் சொல்கிறேன். ஜப்பானில் இவாத்தே மாநிலத்து அனெயோஷி என்ற சிற்றூரில் ஒரு கல் நிற்கிறது. 1933 சுனாமிக்குப் பிறகு நட்டது. உயரமும் இல்லை, அழகும் இல்லை. இந்தக் கல்லுக்குக் கீழே வீடு கட்டாதே என்கிறது, அவ்வளவுதான். ஊர் அதைக் கேட்டது. 2011 மார்ச் 11 அன்று வந்த அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. இரண்டாவது, இந்தோனேசியாவில் பண்டா ஆச்சே நகரத்து சுனாமி அருங்காட்சியகம், 2009-இல் திறந்தது. ரிட்வான் காமில் வடிவமைத்தது. உள்ளே கிணறு மாதிரி ஓர் அறை, சுவர் முழுக்கப் பெயர்கள், மேலே இருந்து மட்டும் வெளிச்சம். அதே கட்டடத்தின் மொட்டை மாடி, மறுபடியும் அலை வந்தால் ஊரார் ஏறி நிற்கும் அடைக்கலம். மூன்றாவது நம் நாட்டிலேயே, குஜராத் பூஜ் நகரத்து ஸ்மிருதிவனம். 2001 நிலநடுக்கத்தில் இறந்தவர்களுக்காக ஒரு மலையை மரங்களால் நிரப்பி, மழைநீரைத் தடுத்துச் சேர்க்கும் சிறு அணைகளைக் கட்டி, அந்தச் சுவர்களில் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

ஒன்று எச்சரிக்கிறது, ஒன்று அடைக்கலம் தருகிறது, ஒன்று தண்ணீர் சேர்க்கிறது. நம் சுமைதாங்கிக் கல்லின் உறவுக்காரர்களாகவே இவற்றை நான் பார்க்கிறேன். உங்கள் குப்பத்தில் அந்த வேலை என்னவாக இருக்கும்? எங்கள் இடத்தில் பெண்கள் கேட்டது நிழல். மீன் கூடையை இறக்கி வைத்து உட்கார ஒரு திண்ணை, ஒரு குடிநீர்க் குழாய். சரி என்று இடுப்பு உயரத்தில் ஒரு நீளக் கல் திண்ணை போட்டோம். கூடையைத் தலையிலிருந்து அப்படியே நகர்த்தி வைக்கத் தோள் உயரத்தில் ஒரு கல்லும் உண்டு. பெயர்ச் சுவர் அதன் பின்னால், கடலைப் பார்த்தபடி அல்ல, ஊரைப் பார்த்தபடி. பெயரைப் படிக்கிறவரின் பார்வை கடலை நோக்கி இருக்கும். முதுகுப் பக்கம் கடல் இருந்தால் பலருக்கு இன்னும் பதறுகிறது என்று சொன்னார்கள்.

தண்ணீர் ஏறிய உயரத்தைக் குறிக்க மறக்காதீர்கள். அன்று பார்த்த மூன்று பேரையாவது தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார்கள். சாலையிலிருந்து அளக்கக் கூடாது. 2004-க்குப் பிறகு எத்தனை முறை தார் போட்டு உயர்த்தியிருப்பார்களோ. பழைய கோயில் படி, இடிக்காத வீட்டின் திண்ணை, இப்படி மாறாத ஒன்றிலிருந்து அளந்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் அந்த உயரத்தை நினைவிடத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்லில் ஒரே ஒரு கோடு போதும். பிள்ளைகள் தாமாகவே அதன் பக்கத்தில் நின்று உயரம் பார்ப்பார்கள்.

கோட்டுக்குப் பக்கத்தில் ஓடும் திசை. சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. சென்னைக் கரையை அலை தொட்டது 9 மணியை ஒட்டி. நடுவில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-இல் வந்தது. இன்று செய்தி வரும், ஆனால் எங்கே ஓடுவது என்பது தெருவுக்குத் தெருத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கே ஓடு என்று அம்புக்குறி போட்டால் எல்லா இடத்துக்கும் போதாது. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கம் ஒரு புறம் கடல், மறு புறம் கொசஸ்தலையாற்றுக் கழிமுகம். அங்கே எந்தப் பள்ளிக்கூட மாடி, எந்தக் கட்டடத்தின் இரண்டாவது தளம் என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். இதைக் கல்லில் வெட்டாமல் மாற்றக்கூடிய பலகையில் போடுங்கள், கட்டடங்கள் மாறும்.

6. வாசகமும் எழுத்தும்

ஆழிப்பேரலையா, சுனாமியா? பெரியவர்கள் சிலர் முன்னதைக் கேட்பார்கள், இன்னும் சிலர் கடல்கோள் என்ற பழைய சொல்லை நினைவூட்டுவார்கள். குப்பத்தில் யாரும் ஆழிப்பேரலையில் பிள்ளையை இழக்கவில்லை, சுனாமியில்தான் இழந்தார்கள். அதையே எழுதுங்கள். வாசகம் நான்கைந்து வரிக்குள் இருக்கட்டும்: தேதி, கிழமை, நேரம், என்ன நடந்தது, எத்தனை பேர். "இயற்கையின் சீற்றம்", "கடல் அன்னை கோபம்" இதெல்லாம் வேண்டாம். மறுநாளும் அதே கடலில்தான் தொழிலுக்குப் போனார்கள். கடலைக் குற்றவாளியாக்கும் வரியை அவர்கள் விரும்பமாட்டார்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டதற்காக. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் கடக்கும் இடம், நின்று படிப்பவர்களைப் பார்ப்பது அரிது. ஆனால் "அவன் பெரிய எம்டன்" என்று பேச்சில் அந்தக் கப்பல் இன்னும் ஓடுகிறது. வெறும் தகவலாக நிற்கும் கல்லைக் கண் தாண்டிப் போய்விடும் என்பதால்தான் திண்ணையும் நிழலும் வேண்டும் என்று மேலே அவ்வளவு சொன்னேன்.

பெயர்கள் காலுக்கு அருகில் வரக் கூடாது. தரையில் பதிப்பது வேறு நாடுகளில் உண்டு, நம் மக்களுக்குப் பெயரின் மேல் கால் படுவது பொறுக்காது. அடி வரி தரையிலிருந்து இரண்டரை அடி, மேல் வரி ஐந்து அடி. அப்போதுதான் உட்கார்ந்தாலும் நின்றாலும் கை எட்டும், தொட்டுப் பார்க்கத்தான் வருகிறார்கள். எழுத்து உயரம் இரண்டரை சென்டிமீட்டர், வரிக்கு வரி ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால் இடையில் 15 வரி கிடைக்கும். நான்கடி அகலக் கல்லில் இரண்டு பத்தி, ஆக ஒரு கல்லுக்கு 30 பெயர். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். இதற்குக் கீழே எழுத்தைச் சிறிதாக்கினால் "ணை"யும் "னை"யும் ஒன்று போலத் தெரியும். மெய்யெழுத்துப் புள்ளியைத் தனியாகத் துளையிட்டு ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். மேலோட்டமாக வெட்டினால் முதலில் மறைவது அதுதான்.

நன்கொடை கொடுத்தவர்கள், திறந்து வைத்தவர்கள் பெயர்களுக்குத் தனியாக ஒரு சிறு கல், சுவரின் பின்பக்கம். இதையும் முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள். திறப்பு விழாக் கல்வெட்டு இறந்தவர்களின் பெயர்களைவிடப் பெரிதாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டார் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

7. உப்புக் காற்றுக்கு முன்னால் எது நிற்கும்

கருங்கல் நிற்கும். பளபளப்பாக மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் கடையில் அழகாக இருக்கும். ஆனால் வெயிலில் கை வைக்க முடியாது, எதிர்வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாது. பெயர்ப் பரப்பை மட்டும் மெருகேற்றி, தரையையும் திண்ணையையும் கொத்திய கல்லாக விடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள் என்பதை நினைத்துத் தரைக்கு வெளிர் நிறக் கல் போடுங்கள். லேசர் எழுத்து மலிவு, ஆனால் ஆழமில்லை, உப்புப் படலம் மூடிவிடும். உளியாலோ இயந்திரத்தாலோ குறைந்தது நான்கு மில்லிமீட்டர் ஆழம் வெட்டச் சொல்லுங்கள். வர்ணம் பூசாமலேயே நிழலில் எழுத்துத் தெரிய வேண்டும். ஒட்டுகிற பித்தளை எழுத்து வேண்டாம், ஒரு மாதத்தில் காணாமல் போகும். மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் ஒரு நடை போய் வாருங்கள், ஒரு பெயரை மட்டும் மாதிரிக்கு வெட்டி வாங்கி வந்து, குப்பத்தில் ஒரு மழைக்காலம் வெளியில் போட்டு வையுங்கள்.

கான்கிரீட் போட்டால் கம்பிதான் எதிரி. உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து வீங்கினால் கான்கிரீட் பெயர்ந்து விழும், கடலோரப் பழைய குடியிருப்புகளில் கூரை கொட்டுவது இதனால்தான். அலைத் தூவானம் படும் இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்வது குறைந்தது எம்35 தரக் கான்கிரீட், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மூடல். மேஸ்திரி "ஒரு இஞ்சு போதும் சார்" என்பார். விடாதீர்கள், பக்கத்தில் நின்று, அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். கலவைக்கு உப்புத் தண்ணீர் கூடாது, நல்ல தண்ணீர் லாரிக்குப் பணம் ஒதுக்குங்கள். முடிந்தால் கம்பியே இல்லாத கல் கட்டுமானமாகச் செய்யுங்கள், பல ஆண்டுக் கவலை தீரும். கைப்பிடிக் கம்பிக்கு சாதாரண இரும்பு வேண்டாம், 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கடலோரத்தில் பழுப்பேறும். 316 ரகம் கேளுங்கள், ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மரம்: புன்னை, பூவரசு, புங்கன். உப்புக் காற்றைத் தாங்குபவை, நிழலும் உண்டு. புன்னை நெய்தல் நிலத்து மரம், பூவும் மணக்கும். வேர் கல்லைத் தூக்காத தூரத்தில் வையுங்கள். முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு வீட்டைப் பொறுப்பாக்குங்கள்.

சடங்குக்கான சின்ன வசதிகளை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை. மெழுகுவத்திக்கு ஒரு மணல் தொட்டி, இல்லாவிட்டால் மெழுகு திண்ணை முழுக்க வழியும். கற்பூரத்துக்கு ஒரு கல் மாடம், பெயர்ச் சுவரிலிருந்து தள்ளி, கரி பிடிக்காதபடி. பால் ஊற்றினால் வழிந்தோட ஒரு வாட்டம், ஒரு சிறு வாய்க்கால். பால் தேங்கினால் மறுநாள் நாற்றமும் ஈயும்.

8. பணம்

ஊர்ப் பணம் முதலில் சேரட்டும், வீட்டுக்கு நூறு ரூபாய் என்றாலும். பிறகு நமக்கு நாமே திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி என்று கேட்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஒரு சிறு சங்கம் பதிந்து, மூன்று பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு வையுங்கள். அந்த மூவரில் ஒருவர் உறவை இழந்த வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். வரவு செலவை மாதாமாதம் பொதுக்கூடத்தில் ஒட்டுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் பராமரிப்புக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் வடிவமைப்பைச் சுருக்குங்கள்.

9. நட்ட பிறகு

வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலையாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்வது, நாள் குறிப்பது, நீரால் தூய்மை செய்வது, நடுவது எல்லாம் முடிந்த பிறகும் சிறப்புச் செய்வதும் வாழ்த்துவதும் மிச்சம் இருக்கின்றன. நாம் நான்காவதோடு ரிப்பன் வெட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறோம்.

திறப்பு அன்று மேடை, மைக், மாலை ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள், வயதோடு. அந்தந்த வீட்டாரே வாசித்தால் நல்லது. குரல் வராதவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள்.

பராமரிப்புக்கு இவ்வளவுதான்: மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரும் மெல்லிய தேங்காய் நார் பிரஷும். ஆசிட் ஊற்றக் கூடாது. எண்ணெய் பூசவும் கூடாது, தூசு ஒட்டும். டிசம்பர் 27 காலை கழுவுகிற பொறுப்பை ஆண்டுக்கு ஒரு தெரு எடுத்துக்கொள்ளட்டும். பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறை அங்கிருந்து அடைக்கல மாடி வரை நடக்க வைத்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள்.

கடைசியாக, பெயர்ச் சுவரில் நான்கைந்து வரியை வெற்றாக விடுங்கள். எழுத்து வெட்டிய அச்சின் ஃபைலையும், கல் எந்தக் குவாரியில் வாங்கியது என்ற ரசீதையும் சங்கத்துப் பெட்டியில் போட்டு வையுங்கள். நாங்கள் திறந்து ஒன்றரை ஆண்டு கழித்து ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருடைய அண்ணன் அந்தக் கரையில் படகு வேலைக்கு வந்தவர், அன்றோடு தகவல் இல்லை. கூட வேலை செய்த இரண்டு பேர் அடையாளம் சொன்னார்கள். அதே எழுத்தில், அதே ஆழத்தில், அவர் கண் முன்னாலேயே வெட்டினோம். வயது கேட்டதற்கு, விரல் விட்டு எண்ணிப் பார்த்து, 34 என்றார்.